நாற்பத்தேழாம் பங்கு

அந்த எண்ணுக்கு இருநூற்று முப்பத்தோர் இலக்கங்கள். அது பகா எண் அன்று என்பது நிறுவப்பட்டிருந்தது. எந்த எண்களாகப் பிளவுபடும் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஹோபார்ட், டனீடின், சூவா என்று பல ஊர்களில் சிதறிக் கிடந்த நாற்பது பேர் ஆறு ஆண்டுகளாகத் தங்கள் வீட்டுக் கணினிகளை ஊதியமின்றி ஓடவிட்டிருந்தார்கள்.

வேலை அறுபது பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வேண்டியவர் வேண்டிய பங்கின் எதிரே பெயர் எழுதி, அதிலுள்ள எண்களைக் கணினியால் சல்லடைபோலச் சலித்து, தேறிய எண்வரிகளை அனுப்புவார். ஒவ்வொரு வரியையும் பெருக்கிப் பார்த்துச் சரிபார்க்கலாம். பொய் வரி நொடியில் பிடிபடும். பெயர் எழுதியவரே ‘விட்டேன்’ என்று எழுதும்வரை அந்தப் பங்கைப் பிறர் தொடுவதில்லை. ஒருமுறை இருவர் ஒரே பங்கை எட்டு மாதம் சலித்துத் தொலைத்த பிறகு, ராய்ஸ் ஹிங்ஸ்டன் கொண்டுவந்த விதி அது.

இப்போது ஐம்பத்தொன்பது பங்குகள் முடிந்துவிட்டன. எஞ்சிய நாற்பத்தேழாம் பங்கின் எதிரே இருந்தது ராய்ஸின் பெயர். ராய்ஸ் ஏப்ரலில் இறந்துவிட்டார். இது ஜூலை.

பட்டியலைப் பராமரித்தவள் மெரின், ஹோபார்ட்டில் பள்ளி நூலகர். திங்கட்கிழமை, நாற்பது பேரில் ஒருவனான லாரி தொலைபேசியில் கூப்பிட்டான். கடைசிக் கட்டத்துக்கு வேண்டிய பெரிய இயந்திரம் அவன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

“வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு எல்லா வரியும் என் கையில இருக்கணும், மெர். எட்டு நாள் ஓட்டலாம். அப்புறம் இதக் கழட்டி வித்துடுவாங்க. வேற எவனும் இவ்ளோ பெருசா தரமாட்டான்.”

“நாப்பத்தேழ யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. கேட்டுப் பாத்துட்டேன்.”

“அப்போ செத்தவன் கையெழுத்துக்குக் காத்திருக்கோம்னு சொல்லு. ஆறு வருஷம், மெர்.”

பிறர் பெயரில் எழுதும் வசதி மெரினுக்கு மட்டுமே உண்டு. செவ்வாய் மாலை நான்கு மணிக்கு அவள் ராய்ஸின் பெயரில் ‘விட்டேன்’ என்று எழுதினாள். பள்ளிக்கு விடுமுறை; நூலகத்தின் முப்பது கணினிகளும் சும்மா இருந்தன. முப்பதும் சேர்ந்தால் இரண்டரை நாளில் முடித்துவிடும். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன் காலை முதல் தொகுதியை அனுப்பினாள். ஏற்கப்பட்டவை: சுழியம். அத்தனை வரிகளும் ஏற்கெனவே வந்தவை என்று தள்ளப்பட்டிருந்தன.

தேடிப் பார்த்தாள். அவை ராய்ஸின் பெயரில் செவ்வாய் மாலை நான்கு பத்துக்கு வந்திருந்தன. பங்கில் மூன்று நாள் வேலை நீங்கலாக மற்றதெல்லாம் இருந்தது. பட்டியலில், அவள் எழுதிய ‘விட்டேன்’ என்பதற்குக் கீழே ஒரு வரி:

‘விடவில்லை. சலித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று நாள்.’

“அவரு தங்கச்சி வெர்னா பொட்டிய அணைக்காம விட்டிருப்பா,” என்றான் லாரி, அவள் கூப்பிட்டுச் சொன்னபோது.

“அந்த வரிய யாரு எழுதினா?”

“போய்ப் பாத்துட்டு வா. எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போதும்.”

ராய்ஸ் வாழ்ந்த குவீன்ஸ்டவுனுக்கு நான்கு மணி நேரப் பயணம். மழை பெய்துகொண்டிருந்தது, அங்கே எப்போதும் பெய்யும். வெர்னா கதவைத் திறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எண்ணுக்காரங்களா? அடக்கத்துக்கு வந்தியே, அந்தப் பொண்ணுதான? வா கண்ணு. டீ போடறேன்.”

“ராய்ஸோட கணினி ஓடுதா, வெர்னா?”

“எப்படி ஓடும்? கொட்டகைக்குக் கரண்டே மே மாசம் வெட்டியாச்சு. டிஸ்க்கையும் கழட்டி பிஸ்கட் டப்பால வெச்சிருக்கேன், போட்டோ இருக்கும்னு. நீயே பாரு. அவன் இருந்தப்பவே அந்தப் பொட்டிதான் அவனுக்குப் பொண்டாட்டி.”

கொட்டகையில் கணினி மேசைக்கடியில் இருந்தது. மின்கம்பி சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை.

“அவன் போனதுலேர்ந்து அது அங்கதான்,” என்றாள் வெர்னா. “என்னன்னு தெரியல. சூடு இல்லாத எடத்துல ஒரு நிமிஷம் படுக்காது அது.”

மெரின் பூனையைத் தூக்கி இறக்கினாள். பெட்டியின் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தது. அது பூனையின் சூடாக இருக்கலாம். குனிந்து, பூனை எட்ட முடியாத பின்புறத்தில், தரையை ஒட்டிய காற்றுத் துளைகளில் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். கணினி சலித்துக்கொண்டிருக்கும்போது அந்த இடம் எவ்வளவு சுடும் என்பது அவளுக்குத் தெரியும். இப்போதும் அவ்வளவு சுட்டது.

“டீ ஆறிடப் போகுது,” என்றாள் வெர்னா.

வியாழன் காலை மெரின் நூலகத்துக்குப் போனாள். முப்பது கணினிகளும் ராய்ஸ் இன்னும் அனுப்பாத பகுதிக்குள் நுழையப் போகும் நேரம். நிறுத்தாவிட்டால் வெள்ளி விடிவதற்குள் மீதி வரிகள் அவள் கைக்கு வந்துவிடும். நிறுத்திவிட்டு எதுவும் வராமல் போனால் ஆறு ஆண்டும் போயிற்று. ஆனால் பங்கு அவருடையது. இன்னும் அதில் வேலை நடக்கிறது. அவள் ஒவ்வொன்றாக முப்பதையும் அணைத்தாள். பிறகு பட்டியலில், தன் பெயரில், நாற்பது பேரும் பார்க்க எழுதினாள்: ‘விட்டேன் என்று எழுதியது நான். தவறு என்னுடையது. நாற்பத்தேழு ராய்ஸின் பங்கு.’

லாரி கூப்பிட்டான். “பைத்தியமா உனக்கு?”

“இருக்கலாம்.”

“நாளைக்குக் காலைல எட்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.”

வெள்ளிக்கிழமை ஏழு ஐம்பதுக்குக் கடைசித் தொகுதி வந்தது. மெரின் அதை முழுவதும் சரிபார்த்தாள். ஒவ்வொரு வரியும் பெருக்கத்தில் சரியாக வந்தது. ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. ஏழு ஐம்பத்தெட்டுக்கு எல்லாவற்றையும் லாரிக்கு அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை லாரி கூப்பிட்டு இரண்டு எண்களைப் படித்தான். ஒன்று நூற்று மூன்று இலக்கம். மற்றது நூற்று இருபத்தெட்டு. இரண்டும் பகா எண்கள். பிறகு கேட்டான்: “பேருப் பட்டியல்ல ராய்ஸப் போடுவியா?”

“நாப்பத்தேழுக்கு நேரா போடுவேன். வேற எங்க போடறது?”

பிற்பகலில் அடுத்த எண்ணுக்கான புதுப் பட்டியலைத் திறந்தாள். எந்த எண் என்பதை அவள் மனத்தில் மட்டுமே வைத்திருந்தாள், லாரிக்குக்கூடச் சொல்லவில்லை. பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். தலைப்பில், அவள் நினைத்திருந்த எண் முழுவதும் எழுதப்பட்டிருந்தது. முதல் பங்கின் எதிரே ராய்ஸின் பெயர்.

அழிக்கும் விசைமேல் அவள் விரல் சிறிதுநேரம் இருந்தது. அழிக்க அவளால் முடியும். விட வேண்டியவர் அவர்தான்.

இரண்டாம் பங்கின் எதிரே தன் பெயரை எழுதினாள்.