ஒரு கை அகலம்

வாளியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் சக்கர நாற்காலியில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த தையல்காரி, வாசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி நுழையவில்லையென்று கதவைக் கழற்றியபோது அவளே தைத்த திரை. அப்போது கால்கள்தான் விளங்காமல் போயிருந்தன, கைகள் இன்னும் ஓடின. துவைத்துத் துவைத்துச் சுருங்கி, இப்போது எவ்வளவு இழுத்துவிட்டாலும், கையை எடுத்ததும் ஒரு கை அகலம் திறந்துகொள்ளும். அந்த இடைவெளியில், பராமரிப்பு நிறுவனம் அனுப்பிய புதுப் பணியாள் கூடத்தில் நிற்பது தெரிந்தது. திருநங்கை. தோள்பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

பெண் பணியாள் வேண்டுமென்று தையல்காரி கேட்டிருந்தாள். பெண்ணைத்தானே அனுப்பியிருக்கிறார்கள் என்கிறாள் வாளியருகே நிற்கும் தங்கை. உரிமைச் சங்கத்தில் முன்வரிசையில் நிற்பவள் அவள். எங்கள் வீட்டிலேயே ஒரு திருநங்கைதான் அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நேற்றே கூட்டத்தில் சொல்லிக் கைதட்டும் வாங்கியாயிற்று. அக்காவிடம் சொல்ல மட்டும் மறந்துபோனது. நல்லவள்தான். இந்த உடம்பைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பே போய்விட்டது. அதனால் அவளிடம் கோபப்படவும் முடியவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டாமா?

"அவங்களும் பொண்ணுதான்க்கா."

"நான் இல்லேன்னா சொன்னேன்? குளிப்பாட்ட வேணாங்கறேன்."

"இவங்களை விட்டா வேற ஆளு எப்ப வரும்னே தெரியாது. நீ தைக்கும்போது இவங்களை மாதிரி எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கே. அப்பல்லாம் கூசலையா?"

"அப்ப டேப் என் கையில இருந்துச்சு."

இது வெறுப்பா என்று தையல்காரி தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் தோன்றியது. கொஞ்சம் இருக்குமோ என்றும் அரித்தது. யார் யாரோ புரட்டி, தூக்கி, துடைத்துப் போடும் உடம்பில் அவளுக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு 'வேண்டாம்'தான். அதற்கும் காரணம் சொல்லி மாளவில்லை.

"எனக்குக் காது கேக்குதுங்க," என்றாள் கூடத்திலிருந்து பணியாள். "போன வீட்டுல வேற ஆள் கிடைச்சிடுச்சுன்னாங்க. அதுக்கு முந்தின வீட்டுல ஊருக்குப் போறோம்னாங்க. மூஞ்சிக்கு நேரா வேணாம்னது நீங்கதான்க்கா. வலிக்குது. வலிக்கலேன்னு பொய் சொல்லல. ஆனா என்னை ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க வார்டுல போட்டப்ப, வேணாம் வேணாம்னு கத்தினேன். ஒருத்தரும் கேக்கல. அதனால உங்களைத் தொட மாட்டேன்."

மன்னிப்புக் கேட்கலாமென்று தையல்காரிக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகிவிடுமோ என்று மென்று விழுங்கினாள்.

தங்கைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஆறிப்போன தண்ணீரை மொண்டாள். அக்காவின் துண்டை எடுக்கப்போகும்போது கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டது. போகிறாள் என்றே தையல்காரி நினைத்தாள். சத்தம் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே பார்க்காமல், முதுகைத் திருப்பிக்கொண்டு, பணியாள் திரையின் ஓரத்தை வாசல் நிலைவரைக்கும் இழுத்துப் பிடித்தாள். இடைவெளி மூடிக்கொண்டது.

தண்ணீர் தோளில் விழுந்ததும் தையல்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. நாளைக்கும் வரச் சொல்லலாமா, எதற்கென்று சொல்வது என்று யோசித்தாள். திரையோரத்தில் நான்கு விரல் நுனிகள் உள்ளே தெரிந்தன. ஒன்றில் நகப்பூச்சு உதிர்ந்திருந்தது. தண்ணீர் தெறித்தும் அவை அசையவில்லை.