இன்னொரு கைச் சோறு

றஸீனா தொழுது முடித்துக் கையேந்தும் போதெல்லாம் கேட்டுவந்த துஆ ஒன்றுதான். தன் மகன் றிஸானைத் தனக்கு முந்தி அல்லாஹ் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் போதும். தாய் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற வார்த்தை அது. அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

றிஸானுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. மூச்சுத் திணறிப் பிறந்தவன். நடையும் பேச்சும் வரவில்லை, கழுத்து நேரே நிற்காது. ஏறாவூரில் வாவிக்கரையை ஒட்டிய வீட்டு வளவில் பின்பக்கத்து அறையே அவனுடைய உலகம். முன்பக்கத்துக் கல்வீட்டை, அவனைக் காக்கா என்று அழைக்கும் தங்கை இர்ஷானாவுக்கு றஸீனா சீதனமாகக் கொடுத்திருந்தாள். அவளுடைய கணவன் நிஸ்தார் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தான். கிழமைக்கு ஒருமுறை வருவான். றஸீனாவின் கணவர் முகைதீன்பாவா சைக்கிளில் ஊரூராய்ச் சாரம், சீலை விற்றவர். பிள்ளைகள் சிறிசுகளாய் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்றிலிருந்து தையல் மெசினை மிதித்துத்தான் றஸீனா இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள்.

றிஸான் அவள் கையால் மட்டுமே சாப்பிடுவான். முள் எடுத்த மீனையும் பருப்பையும் சோற்றோடு குழையப் பிசைந்து, இடது கடைவாயில் வைத்து, தொண்டையை மெல்லத் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் புரைக்கேறிவிடும். அதனால் அவள் எந்தக் கலியாண வீட்டிலும் ஒரு நேரத்துக்குமேல் தங்கியதில்லை. கூடப் பிறந்தவர்கள் மக்காவுக்குப் போக அழைத்தபோதும் மறுத்துவிட்டாள்.

போன வருடம் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. கண் மஞ்சளித்து உடம்பு வற்றியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, டொக்டர் இர்ஷானாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நோய் ஈரல்வரைக்கும் பரவிவிட்டது, இனி வலியைக் குறைக்க மட்டுமே மருந்து தரலாம் என்றார். வெளியே வந்த மகளின் முகத்தைப் பார்த்தே றஸீனா விளங்கிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது, பெருநாள் வரைக்கும் இருப்பேனா என்று மட்டும் கேட்டாள். இர்ஷானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பின் றஸீனா வழக்கம்போல் கையேந்தினாள். துஆ வரவில்லை. இப்போது அதைக் கேட்டால், மகனை உடனே எடுத்துவிடு என்று கேட்பதாகும் என்பது அவளுக்கு உறைத்தது. கட்டிலில் றிஸான் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த கிழமை, இப்படியானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றுக்குத் தெரிந்தவர் ஒருவரை அனுப்பி விசாரித்தாள். கொண்டுவந்து விடச் சொன்னார்கள். எப்படியோ அது இர்ஷானாவின் காதுக்கு எட்டியது. உலையில் அரிசியைப் போட்டவள் அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்கு வந்தாள்.

“எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிங்களா உம்மா?”

“உனக்குப் புள்ளையள் இரிக்கு, புருசன் இரிக்கார். என்ட சுமைய உன்ட தலையில வெச்சிட்டுப் போக ஏலாதுகா.”

இர்ஷானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“சின்ன வயசில நான் ஒருக்கா காக்காக்குச் சோறு தீத்தப் போனன். புரைக்கேறிரும் எண்டு சோத்துக் கோப்பையப் பறிச்சிங்க. அதுக்குப் பிறகு நான் இந்தக் கட்டிலுக்குக் கிட்ட வரல்ல. உம்மா என்ன நம்பல்ல எண்டுதான் இவ்வளவு காலமும் நெனச்சிட்டு இரிக்கன்.”

றஸீனாவுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. மகள் அறைக்குள் வராதது அருவருப்பினால் என்று அவள் எண்ணியிருந்தாள். அவளை மனதுக்குள் மன்னித்துமிருந்தாள். இவளாவது சுமையில்லாமல் வாழட்டும் என்று வேண்டுமென்றே விலக்கியும் வைத்திருந்தாள். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் இப்படியா விளங்கி வைத்திருந்தோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

“உன்ட கையால சோறு தீத்திப் பாரு” என்றாள்.

அது இலகுவாக நடக்கவில்லை. உம்மா அறையில் இருக்கும்வரை றிஸான் அவள் பக்கமே தலையைத் திருப்பினான். ஆகவே றஸீனா முன்வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவன் அழுத குரல் முற்றத்தைத் தாண்டி வந்தது. இர்ஷானா வைத்த கவளத்தை நாக்கால் தள்ளினான்; தேயிலைச் சாயத்தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தான். மறுநாளும் அப்படியே. குரல் மெலிந்து முனகலானபோது றஸீனாவுக்குத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்தைக் கடந்து வந்தாள். இர்ஷானா வாசலை மறித்தாள். அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள்.

“உள்ள வராதிங்க உம்மா. இப்ப நீங்க வந்தா, நீங்க இல்லாத காலத்தில காக்கா பசியிலயே போயிருவார்.”

றஸீனா படியில் உட்கார்ந்தாள். முப்பது வருடமாக அந்தப் பசியை ஆற்றியவள், வாசலுக்கு வெளியே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நிஸ்தார் வந்தான். அறை மூலையில் ஒரு சக்கரநாற்காலி கிடந்தது. எப்போதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. அதில் றஸீனா உடுப்பு மடித்து வைப்பாள். றிஸான் சிறுவனாயிருந்தபோது ஒருநாள் தெருவுக்குத் தூக்கிப் போனாள்; கூடிநின்று பார்த்த சனத்தின் கண்களுக்குப் பயந்து அதன்பின் அவனை வெளியே கொண்டுபோகவே இல்லை. ஜன்னலில் சீலையும் கட்டிவிட்டாள். நிஸ்தார் உடுப்புகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு நாற்காலியைத் துடைத்தான். யாரையும் கேட்கவில்லை. மச்சானைத் தூக்கி இருத்தி, கழுத்துக்குத் தலையணை கொடுத்து, வாவிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனான். இர்ஷானா கோப்பையோடு பின்னால் போனாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு தோணிகள் வலை போட்டபடி போய்க்கொண்டிருந்தன. நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகு விரித்து நின்றன. றிஸானின் அழுகை நின்றது. அவ்வளவு பெரிய வெளிச்சத்தை அவன் கண்டதில்லை. கண்ணைச் சுருக்கினான், பிறகு அகலத் திறந்தான். இர்ஷானா அவனைப் பார்க்கவேயில்லை. கவிழ்த்து வைத்திருந்த தோணியில் உட்கார்ந்து, நிஸ்தாரோடு ஏதோ கதைத்தபடி கோப்பைச் சோற்றைத் தானே சாப்பிடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் றிஸான் ஒரு சத்தம் போட்டான். அது அழுகையில்லை. அவள் திரும்பி ஒரு கவளத்தை நீட்டினாள். அவன் வாய் திறந்தான், மென்றான், விழுங்கினான். தொண்டையைத் தடவிவிட வேண்டியிருக்கவில்லை.

வேலியோரம் வந்து நின்ற றஸீனா இதைப் பார்த்துவிட்டாள். மணலில் உட்கார்ந்தாள். சந்தோசமாகத்தான் இருந்தது. கூடவே, தனக்கென்று இருந்த கடைசி ஒன்றும் கையைவிட்டுப் போனது போலவும் இருந்தது. இர்ஷானா ஓடிவந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

“இவ்வளவு காலமும் நான் இவன இருட்டுக்குள்ள வெச்சிருந்தனா மகள்?”

இர்ஷானா உம்மாவின் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

“மௌத்தாகிப் போறதுக்குப் பயமில்லகா. ஆனா ஒரு உசிரக் கழுவித் துடைச்சதுதான் என்ட சீவியம். வேற ஒண்டும் செய்யல்ல. மறுமையில அல்லாஹ் கேட்டா நான் என்னத்தச் செல்ற?”

“காக்கா உசிரோட இரிக்கார் உம்மா. அதச் செல்லுங்க.”

அதற்குப் பிறகு றஸீனா நடக்க முடிந்தவரை பின்னேரங்களில் அவர்களோடு கரைக்கு வந்தாள். முடியாமல் போனபோது, திரும்பி வந்ததும் அன்றைக்கு றிஸான் எதைப் பார்த்துச் சிரித்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பழைய துஆவை மறுபடி கேட்கவில்லை. சில நேரம் கையேந்தியபடி ஒன்றும் கேட்காமலே நெடுநேரம் இருப்பாள். வலி கூடிய நாட்களில் றிஸானின் கட்டிலை அவள் பக்கத்தில் போட்டார்கள். அவன் மடங்கிய விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவாள். நோன்பு மாதம் பிறப்பதற்கு முன் ஒரு காலையில், அப்படித் தூங்கியவள் எழும்பவில்லை.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு, றிஸானைக் கொண்டுவர வேண்டாம், பயந்துவிடுவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இர்ஷானா கேட்கவில்லை. நாற்காலியைத் தானே தள்ளிவந்து மையித்தின் அருகில் நிறுத்தி, அவன் கையைப் பிடித்து உம்மாவின் கன்னத்தில் வைத்தாள். அவன் அந்தக் குளிர்ச்சியை உணர்ந்து கையை இழுத்தான். பிறகு தானாகவே மறுபடி வைத்தான். மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது நிஸ்தார் முன்பக்கம் தோள் கொடுத்தான்.

பின்னேரம் வந்தவர்கள் கலைந்ததும் இர்ஷானா சோற்றைப் பிசைந்துகொண்டு அவன் முன்னால் இருந்தாள். அவன் முதல் கவளத்தைத் தள்ளிவிட்டான். அவள் அவசரப்படவில்லை.

“எனக்கும் இறங்குதில்ல காக்கா” என்றாள். “கொஞ்சம் பொறுத்துத் திம்பம்.”

ஜன்னலைத் திறந்துவிட்டு, கோப்பையை மடியில் வைத்தபடி அவன் பக்கத்தில் இருந்தாள்.