அடுப்பு எரியாத வீடு

என் தம்பி கொர்னேலியஸ் செத்துப்போனான் என்று எனக்குச் சொன்னதே அவன்தான். கட்டிலில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"நான் செத்துட்டேன்க்கா. செத்தவனுக்கு எதுக்குச் சோறு?"

அப்போது எண்பத்திரண்டாம் ஆண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் அவனும்தான். அவன் ரயில் டிரைவர். கிள்ளான் லைனில் ஒருநாள் ஒருவன் தண்டவாளத்தில் வந்து நின்றான். தம்பி பிரேக்கைப் பிடித்தான்; ரயில் அதற்குள் நிற்குமா? அன்றோடு அவனுக்குத் தூக்கம் போனது, பேச்சும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "சாப்பாடு இறங்கணும், இல்லேன்னா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

வந்த புதிதில் கொஞ்சம் சாப்பிட்டான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான்.

அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டு செசிலியா முறை போட்டு எல்லாரையும் சமைக்க வைத்தாள். "நீங்க அடுப்புப் பக்கமே போகக்கூடாதுக்கா. தம்பிய மட்டும் பாருங்க லா" என்றாள். காலையில் ஒரு வீட்டு இட்லி, மதியம் இன்னொரு வீட்டுக் குழம்பு. சாயங்காலம் எல்லாரும் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, அவனுக்காக ஜெபமாலை சொன்னார்கள். செசிலியா பிளாஸ்க்கில் பாலில்லாத கோப்பி கொண்டுவருவாள்.

தம்பி கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். சில நேரம் என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்ப்பான். எனக்கு முதுகு சில்லிடும். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"நீ செத்துட்டேன்னு எந்த மடையன்டா சொன்னான்?" என்று ஒரு மதியம் கத்தினேன்.

"யாரு சொல்லணும்? அடுப்பு எரியல. பக்கத்து வீட்டுலேர்ந்து சோறு வருது. சாயங்காலம் ஜெபமாலை. அப்பா செத்தப்பயும் இப்படித்தானே? இப்ப இந்த வீட்டுல வேற யாரு செத்தாங்கக்கா?"

எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. சாவு வீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுச் சோறும் பாலில்லாத கோப்பியும்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! நல்ல மனசோடு எல்லாருமாகச் சேர்ந்து, உயிரோடிருக்கும் என் தம்பிக்கு இழவு கொண்டாடியிருக்கிறோம். நானும்தான்.

செசிலியா டிபன் கேரியரோடு வந்தாள். "கொண்டு போ" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னிக்கு நான் சமைக்கிறேன். நீயும் வந்து சாப்பிடு. ஜெபமாலைய இனிமே மாதா கோயில்ல சொல்லுங்க."

அடுப்பை மூட்டினேன். காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டேன், வேண்டுமென்றே ஒரு கைப்பிடி கூடுதலாக. நெடி வீடு முழுக்க ஏறியது. அவன் இருமினான். கண்ணில் நீர் வழிய வழிய இருமினான்.

"செத்தவன் இருமுவானாடா?"

அந்த மிளகாயில் வதக்கிய நெத்திலிச் சம்பலைச் சோற்றில் பிசைந்து நீட்டினேன். உருண்டையைப் பார்த்தான். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அப்ப செத்தது தண்டவாளத்துல நின்னானே, அவன்தானாக்கா?"

ஆமாம் என்றால், இவன் ஓட்டிய ரயிலில்தான் அவன் செத்தான் என்று நானே சொன்னதாகும். இல்லை என்றால் இவனை நான் இழந்துவிடுவேன்.

"ஆமாண்டா. அவன்தான் செத்தான். நீ இருக்கே."

அவன் வாய்விட்டு அழுதான். அந்த ரயில் மோதிய நாளிலிருந்து அவன் அழுததே இல்லை. அழுதுகொண்டே வாயைத் திறந்தான், விழுங்கினான். அடுத்த உருண்டையைக் கையால் தடுத்தான்.

"அவனுக்கும் ஒரு தட்டு வைய்க்கா. ரொம்ப நேரமா நிக்கிறான்."

திரும்பிப் பார்க்காமல் வைத்தேன்.