தேதிக் கட்டம்

மாத்திரை வாங்கப் பத்துப் பெண்கள் நின்றார்கள். தையல் கூடத்தின் மூலையில் ஒரு தட்டி மறைப்பு. அதற்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நர்ஸ், ஒரு தடித்த நோட்டு. டீ இடைவேளை முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. சட்டைக்குப் பட்டன் வைப்பவள் முதலில் நின்றாள். அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தாள், குறையவில்லை.

நர்ஸ் இரண்டு மாத்திரையை எடுத்து வைத்தாள். பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"பீரியட்ஸ் எந்தத் தேதி வந்துச்சு?"

"வயித்து வலி சிஸ்டர். அது மட்டும் எழுதுங்க."

"தேதி போடாம குடுத்தா என்னைக் கேப்பாங்கம்மா."

பின்னால் நின்ற இஸ்திரிக்காரி குரல் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரருக்கே என் தேதி தெரியாது. இந்த நோட்டு மனப்பாடமா வச்சிருக்கு!"

வரிசை சிரித்தது. சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. காலர் தைத்த அக்காவுக்கு அந்த நோட்டில் இரண்டு மாதம் தேதி விழவில்லை. புருஷனிடம் அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் மாதம் ஆள் அதிகம் என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் கேட்டு ஆபீசர் வந்தார். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான்.

"மாத்திரை எத்தனை செலவாச்சு, எழுதணும். சரி. யாருக்குக் குடுத்தாங்க, அதுவும் சரி. தேதி எதுக்கு சார்?" என்றாள் பட்டன் வைப்பவள்.

"அதை வச்சு ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா. அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்கட்டுமே."

"ஓரமா கெடந்ததுதானே காலர் அக்காவ வெளிய தள்ளுச்சு?"

"அது வேற விஷயம்."

"அப்ப அந்தக் கட்டத்த அடிச்சிடுங்க. எங்க உடம்பு சமாச்சாரம் எங்ககிட்டயே இருக்கட்டும்."

"உன் இஷ்டத்துக்கு நோட்ட மாத்த முடியாது. தேதி சொன்னா மாத்திரை. இல்லன்னா போய் மெஷின்ல உக்காரு."

அவள் இரண்டு மாத்திரையையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே போட்டுக்குங்க சார். இனிமே தலைவலி உங்களுக்குத்தான்."

இஸ்திரிக்காரி வரிசையை விட்டு விலகினாள். "எனக்கும் வேணாம் சிஸ்டர்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒவ்வொருத்தியாக விலகிக்கொண்டே வந்தார்கள். நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள்.

ஆபீசர் அதைத் திறந்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே எழுதினார்: மாத்திரை மறுத்தவர்கள்.

"என் பேர முதல்ல போடுங்க," என்றாள் பட்டன் வைப்பவள். "ஒரு எழுத்து விட்டுப் போகாம."

போட்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்து நின்ற அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பெயருக்கு அடுத்த கட்டத்தில், கேட்காமலேயே, அன்றைய தேதியை எழுதினார்.