குழாயில் சுற்றிய கேபிள்

ஸ்பாட் லைட்டுக்கு எட்டு மீட்டர் கேபிள் போதும். என்னிடம் முப்பது மீட்டர் இருந்தது. வெட்ட மனசு வரவில்லை. மீதியை மேடைக்கு மேலே விளக்குகள் தொங்கும் இரும்புக் குழாயில் இறுக்கமாகச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினேன். நாடக அரங்கில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். முன்வரிசைக்கு வயர் தெரிந்தால் அசிங்கம்.

"கைவேலைன்னா இதுதான்யா," என்றார் டைரக்டர்.

அதே குழாயில், நாலு விரல் தள்ளி, அக்காவைத் தூக்கும் கப்பி. நாடகத்தில் அவள் பறக்க வேண்டும். கப்பியை முதலில் ஸ்டீல் கம்பியில்தான் தொங்கவிட்டேன். வெளிச்சத்தில் மின்னுகிறது என்றார்கள். பாலியஸ்டர் பட்டைக்கு மாற்றினேன். விளக்குகளைப் பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் முழு ஒத்திகை. விளக்குகள் இரண்டு மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தன. அக்கா புருஷன் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கை வின்ச்சைச் சுழற்ற, அக்கா இருபது அடி மேலே போனாள்.

"மாமா, ஏதோ கருகுற வாசனை."

"புகை மெஷினா இருக்கும். இல்லேன்னா உங்கக்கா பேசுற வசனம்."

"காதுல விழுது," என்றாள் அக்கா மேலேயிருந்து. "கீழ வந்து வெச்சுக்கறேன்."

சிரித்தபடியேதான் ஏணியில் ஏறினேன்.

மேல் நடைபாதையிலிருந்து குனிந்து கேபிள் சுற்றைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. கரண்ட் ஓடிய சூடு வெளியே போக வழியில்லாமல் ரப்பர் களிமண்ணாகக் குழைந்திருந்தது. டேப் இளகி, சுற்று சரிந்து, பட்டையின்மேல் சாய்ந்திருந்தது. மூன்று விரல் அகலப் பட்டையில் உருகாமல் மிஞ்சியது ஒரு விரல்.



"ஸ்பாட் லைட்டை அணைங்க! மாமா, அக்காவ எறக்குங்க. மெதுவா. குலுங்கக் கூடாது."

"சீன் பாதியிலயா?" என்றார் டைரக்டர்.

"எறக்குங்கய்யா!"

விளக்குகள் அணைந்த பிறகுதான் சுற்றுக்குள் சிவப்பாகக் கனன்றது தெரிந்தது. தீயணைப்பான் கீழே, வாசல் பக்கம் இருந்தது. சட்டையைக் கழற்றி அடித்தால் குழாய் ஆடும். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது. வின்ச் கடகடவென்று சத்தம் போட்டது.

அக்காவின் கால் தரையில் பட்டது. மாமா ஓடிவந்து அவளை இழுத்தார். பட்டை அறுந்தது. அவள் நின்ற இடத்தில் கப்பி விழுந்து பலகையைப் பிளந்தது.

யாரோ தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நெருப்பு அணைந்ததும் நான் இறங்கினேன்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல," என்றார் டைரக்டர்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மேலே புகைந்த சுற்றையே பார்த்தாள்.

"யார்ரா அதச் சுத்துனது?"

"நான்தான்க்கா."

இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். அது கழலவில்லை. உதவலாம் என்று பக்கத்தில் போனேன்.

"தொடாத," என்றாள்.

மாமாதான் கழற்றிவிட்டார்.