மூன்று வரி தள்ளி

வியாழன். வகுப்பு எட்டு மணிக்கு முடிந்தது.

ஆறு வாரங்களுக்கு முன், மாலை வகுப்பில் படிக்கும் இயங்குதளத்தின் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) நிரலுக்கு நான் ஒரு இணையப் பக்கம் செய்தேன். ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்த ஃபைலில், எந்த வரியில் இருக்கிறது, அதை யார் யார் அழைக்கிறார்கள் என்ற பட்டியல். வகுப்புக் குழுவில் இணைப்பைப் போட்டேன். யாரும் பதில் போடவில்லை. இரண்டாவது வாரம் வருகைக் கணக்கு வைத்தேன்; தினமும் ஒரே ஒரு வருகை பதிவானது. போன வாரம்தான் அது நான் என்று தெரிந்தது. என் வருகையை நீக்கியபின் பூஜ்ஜியம். இன்று பக்கத்தை அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பார்க்கிங்கில் பிரணவ் கூப்பிட்டான். வகுப்பில் இருக்கும் இன்னொரு தமிழ் ஆள். இதுவரை பேசியதில்லை.

"வான்மதி, அந்த இண்டெக்ஸ் பேஜ் நீங்க பண்ணதுதானே?"

"ஆமாங்க. யாரும் பாக்கறதில்லைங்க. இன்னைக்கு டெலீட் பண்ணிடலாம்னு."

"ஐயோ, நான் ஃபர்ஸ்ட் வீக்கே பிரிண்ட் எடுத்துட்டேன்! அது இல்லன்னா ரெண்டாவது லேப் தாண்டியிருக்க மாட்டேன். ஷெட்யூலர் ஃபைல்ல மட்டும் எல்லாமே மூணு வரி தள்ளி இருக்கு. கழிச்சுக்குவேன்."

எனக்கு முகம் சுட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஃபீல் பண்ணுவீங்கன்னு விட்டுட்டேன். இப்ப மாத்திடாதீங்க, என் நோட்ஸ் முழுக்க உங்க நம்பர்தான். அடுத்து மெமரி பார்ட்டும் போடுங்க. அது ஏன் மூணு?"

"தெரியலைங்க."

தெரியும். ஷெட்யூலர் ஃபைலின் என் பிரதியில், தலையில் எனக்காக மூன்று வரிக் குறிப்பு எழுதியிருந்தேன். அதை நீக்காமலே பட்டியல் எடுத்துவிட்டேன்.

"ஸ்டேஷன் வரைக்கும் டிராப் பண்ணட்டா?"

"வேணாங்க, ஸ்டேஷன் பக்கம்தான், இப்ப ட்ரெயின் வந்துடும்."

ரயிலுக்கு இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நடைமேடையில் நின்று யோசித்தேன். இந்நேரம் லாஸ் கொலினாஸ் பகுதியின் அலுவலகங்கள் காலியாகிவிடும். நான் மட்டும் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஃபைலைத் திறந்தேன். குறிப்பு அப்படியே இருந்தது.

இது புரியவில்லை.
நாளை மறுபடி படி.
யாரிடமும் கேட்காதே.

நீக்கினால் எண்கள் மாறிவிடும். பக்கத்தின் மேலே 'ஷெட்யூலர் ஃபைலில் மூன்று கழிக்கவும்' என்று போட்டேன். பிறகு குறிப்பின் கடைசி வரியை மட்டும் அழித்து, அதே இடத்தில் எழுதினேன்:

யாரிடமாவது கேள்.

மெமரி பகுதியின் பட்டியலைத் தொடங்கியிருக்கிறேன்.