வரிசையின் நீளம்

“நிறுத்துங்க,” என்றார் பெரிய டாக்டர்.

திரையில் கத்தி நிற்கவில்லை. ரப்பர் கண்ணைக் கோடு தாண்டிக் கிழித்த பிறகுதான் கிளை மருத்துவமனை டாக்டரின் கை நின்றது.

“நீங்க சொன்னது இப்பதான் கேட்டுச்சு, சார்.”

அவருக்குப் பின்னால் கட்டிலில் மேலாளரின் மச்சான் படுத்திருந்தார். ஒத்திகை முடிந்ததும் அவருடைய நிஜக் கண்.

“அத்தான், ரப்பருக்கே இந்தக் கதியா? நான் எழுந்து வீட்டுக்குப் போயிடவா?”

மேலாளர் சிரிக்கவில்லை. இரண்டு மருத்துவமனைகளுக்கும் இடையிலான இணைய இணைப்பு அவர் பொறுப்பு. கணினித் திரையைப் பொறியாளர் பக்கம் திருப்பினார். இழப்பு: பூஜ்யம்.

“லைன் சுத்தமா இருக்கும்மா. அனுப்புற தகவல்ல ஒரு துண்டுகூடத் தொலையல.”

அதற்காகவே நினைவகம் பெரிதாக உள்ள இணைப்புப் பெட்டியாகத் தேடி வாங்கிப் போட்டவர் அவர்.

“அதுதான் சார் வினை,” என்றாள் பொறியாளர். “இங்கேருந்து அங்க ஸ்கேன் படமெல்லாம் இதே லைன்லதான் போகுது. பெட்டி எல்லாத்தையும் வாங்கி வரிசையில நிறுத்துது. டாக்டர் குரல் கடைசியில நிக்குது.”

“படத்தை நிறுத்திடலாமே?”

“அங்க மத்த டாக்டருங்க அதுக்குக் காத்திருக்காங்க. வரிசையைச் சின்னதாக்குறேன். இடமில்லாததைப் பெட்டி தூக்கிப் போட்டுடும்.”

“தூக்கிப் போடுமா? நல்லா இருக்கே!”

“போன துண்டை அனுப்புற கம்ப்யூட்டர் திரும்ப அனுப்பும். போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது வேகத்தையும் குறைக்கும். நாம தொலையவே விடல. அது பாட்டுக்குக் கொட்டிக்கிட்டே இருக்கு.”

“குரல் துண்டு போனா?”

“இம்மி போனா காதுக்கே தெரியாது. லேட்டா வந்தாத்தான் ஆபத்து. செய்யட்டுமா?”

மேலாளர் திரையில் மச்சானைப் பார்த்தார். தலையாட்டினார்.

பூஜ்யம் மறைந்தது. இழப்பு எண் மளமளவென்று ஏறியது. அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் ஏற்றம் தணிந்தது. ஸ்கேன் படங்கள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன.

புது ரப்பர் கண். கத்தி இறங்கியது.

“நிறுத்துங்க.”

நின்றது.

பெரிய டாக்டர் மறுபடி வெட்டச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார். நின்றது. அவர் பொறியாளரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“அடுத்தது நானா?” மச்சான் தலையைத் தூக்கினார். “அத்தான், எல்லாம் சரியா இருக்கா?”

மேலாளர் எண்ணைப் பார்த்தார். இன்னும் ஒன்று கூடியது.

“சரியா இருக்கு. நிறைய தொலைஞ்சுக்கிட்டு இருக்கு.”

“என்னது?”

“நீ படு மச்சான்.”